மேல்கட்டில்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் வெள்ளத்துரை அண்ணாச்சி போட்ட ஒரே கண்டிஷன்.

"கட்டடம் எங்க பாட்டையா கட்டுனது. சுண்ணாம்புக் காரை. ஒரு ஆணி எறக்குனா ஒரு சட்டி மண்ணு கொட்டும். என்ன வேணும்னாலும் செய்யி தாயி, ஆணி மட்டும் வேண்டாம்" என்று சாவியை ஷிரின் பானுவின் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

சங்கரன்கோவில் ரத வீதிக்குப் பின்னால், பூக்கடைச் சந்து முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் லாட்ஜ். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வருகிறவர்களும், துண்டும் சேலையும் கொள்முதல் செய்ய வருகிற வியாபாரிகளும் தங்கிப் போன இடம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புது லாட்ஜுகள் வந்த பிறகு இந்தப் படியில் யாரும் ஏறவில்லை. அண்ணாச்சி ஒவ்வொரு ரூமிலும் ஜன்னலுக்குக் கீழே ஒரு கடப்பாக்கல்லைப் பதித்து, அதற்கு அடுப்படி என்று பெயர் வைத்து, ரூம்களை வீடுகளாக்கி வாடகைக்கு விட்டுவிட்டார். ஷிரினுக்குக் கிடைத்தது மாடியில் கடைசி ரூம். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். குளியலறை வராந்தாக் கோடியில், பக்கத்து ரூம் ஹெலனோடு பங்கு. ஜன்னலைத் திறந்தால் கீழே விசைத்தறிக் கூடத்தின் தகரக் கூரை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை 'கடக் கடக்' என்று தறி ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை அவள் இடமில்லாமல் தேடி வந்து பிடிக்கவில்லை. கடையநல்லூரில் மாமியார் மீரா பீவியின் வீடு பெரிய வீடு. முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காது. ஆனால் மூத்த நாத்தனார் குடும்பத்தோடு வந்து மாடியில் ஏறிய பிறகு, ஷிரினும் அவள் மகள் அப்ரீனும் ஹாலில் பாய் விரித்தார்கள். யாராவது விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவார்கள். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஷிரினுக்கு லேப் டெக்னீஷியன் வேலை. காலையில் புளியங்குடி வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள், சாயங்காலம் நின்றுகொண்டே போவாள். வீட்டுக்குப் போனால் புர்காவைக் கழற்றக்கூட ஒதுங்க இடம் தேட வேண்டும். அவ்வளவு பெரிய வீட்டில் அவள் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை.

கணவன் முகம்மது அப்சல் வெளிநாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக். போனில் கேட்டதற்கு, "ஒனக்கு அதான் சௌகரியம்னா செய்யி" என்றான். மீரா பீவி அப்படிச் சொல்லவில்லை.

"அது வீடா? புறாக்கூடு. எம்மவன் வந்து ஒரு பார்வை பாக்கட்டும். அன்னைக்கே சட்டி பானையத் தூக்கிட்டு உன்னையுங் கூட்டிட்டு இங்கன வந்துருவான். எழுதி வச்சுக்கோ" என்றாள்.

மாமியார் சொன்னதை ஷிரின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருகிறேன் என்று அப்சல் சொன்ன நாளில்தான் அது காதுக்குள் கிடந்து குடையத் தொடங்கியது.

"விசாவ கேன்சல் பண்ணிட்டேன். ஆடி பொறந்ததும் வாரேன்" என்றான் அவன்.

"கேன்சலா? லீவு இல்லையா? கம்பெனியில எதுவும் பிரச்சினையா மச்சான்?"

"அதெல்லாம் இல்ல. வந்து சொல்லுதேன்."

அந்த 'வந்து சொல்லுதேன்' அவளைத் தூங்க விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு தகட்டை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஏதாவது செய்யாமல் அவளால் உட்கார முடியவில்லை.

சுரண்டச் சுரண்டச் சுவர் உரிந்தது. மேலே பச்சை, அதற்கடியில் ரோஸ், அதற்கடியில் ஒரு கலங்கிய நீலம். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓதம் ஏறி, காரை அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. தொட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தது. டியூட்டி முடிந்து வந்த ஹெலன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். சாயர்புரத்துக்காரி, அதே ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், ஷிரினுக்கு மூத்தவள்.

"என்னளா, ரூமையே கரைச்சு வெளிய விட்டுருவ போலுக்கு" என்றாள்.

"அவுக வாராக அக்கா. நிரந்தரமா."

"அதுக்கு? வார ஆளு சுவத்தையா பாக்கப் போறாரு?"

ஷிரின் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஹெலன் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நைட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு உப்புத்தாளை எடுத்து மறுபக்கச் சுவரைத் தேய்க்க வந்துவிட்டாள்.

ஒரு வாரம் இரண்டு பேரும் தும்மித் தீர்த்தார்கள். வெள்ளைச் சிமென்ட் அடித்து, பட்டி பார்த்து, அது காய்வதற்குள் கலர் விஷயத்தில் சண்டை வந்தது.

"சின்ன ரூமுக்கு வெள்ளதான் கலரு. போன்ல வீடியோ போடுதவங்க எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. ரூம் பெருசாத் தெரியுமாம்" என்றாள் ஹெலன்.

"பகல்பூரா ஆஸ்பத்திரியில வெள்ளச் சுவத்தத்தானக்கா பாக்கோம். வீட்டுக்கு வந்தும் அதையா பாக்க?"

பெயிண்ட் கடையில் கலர் கார்டைக் காட்டினார்கள். அதிலிருந்த எந்த மஞ்சளும் ஷிரினுக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் சலித்துக்கொண்டு, "என்ன மஞ்சள்தாம்மா வேணும்?" என்றார்.

"புளியங்குடி மார்க்கெட்ல கூடையில கெடக்குமே அண்ணாச்சி, எலுமிச்ச. காயும் இல்லாம பழமும் இல்லாம. அந்தக் கலரு."

கடைக்காரர் புளியங்குடிக்காரர்தான். உள்ளே போய்க் கலந்து கொண்டுவந்தார். அது அப்படியே இருந்தது. அந்த மஞ்சள் சுவரில் ஏறிய அன்று சாயங்காலம் அப்ரீன் ஸ்கூல் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, நம்ம வீடுதானா?" என்றாள்.

ஆணி அடிக்க முடியாததால் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. உத்தரக்கட்டையில் லாட்ஜ் காலத்துக் கொக்கிகள் இருந்தன. ஒன்றில் கூடையைத் தொங்கவிட்டு வெங்காயம் பூண்டு போட்டாள். கண்ணாடியைத் தரையில் நிறுத்திச் சாய்த்து வைத்தாள். துணிமணியெல்லாம் இரண்டு தகரப் பெட்டிக்குள் போயின. அந்தப் பெட்டிகளே மேலே மெத்தை போட்டதும் உட்காரும் இடமாயின. எல்லாம் ஆன பிறகு மிஞ்சியது படுக்கைதான். மூன்று பேர் படுக்க வேண்டும். பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு மறைப்பு வேண்டும்.

வெல்டிங் பட்டறை ஷேக் ஃபரீத் வந்து அளந்து பார்த்தான்.

"அடுக்குக் கட்டில் போட்டுருவோம்க்கா. கீழ அகலமா ஒங்களுக்கு. மேல ஒடுக்கமா பாப்பாவுக்கு. ஆனா செஞ்சு தூக்கிட்டு வர முடியாது. உங்க படியில வளைவு இருக்குல்லா, திரும்பாது. பைப்பக் கொண்டாந்து இங்கன வச்சுத்தான் பத்தவைக்கணும்."

அப்படியே செய்தான். அவன் போன பிறகு ஷிரின் கட்டிலுக்கு வெள்ளை எனாமல் அடித்தாள். பின்னாலிருக்கும் தறிக்கூடத்தில் நீலக் கட்டம் போட்ட துணி வாங்கி, ஆஸ்பத்திரி மெத்தை தைக்கிறவரிடம் கொடுத்து ஓரம் அடித்து, கீழ்க்கட்டிலைச் சுற்றி நாலு பக்கமும் திரை தொங்கவிட்டாள். திரையை இழுத்துவிட்டு உள்ளே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவளே உண்டாக்கிக்கொண்ட முதல் அறை அதுதான்.

அப்சல் திருவனந்தபுரத்தில் இறங்கி, முறைப்படி முதலில் அம்மாவைப் பார்க்கக் கடையநல்லூருக்குப் போனான். மறுநாள் இங்கே வந்தபோது தோளில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது.

"பெட்டியெல்லாம்?" என்றாள் ஷிரின்.

"அங்கனயே கெடக்கட்டும், பொறவு பாத்துக்கலாம்னு அம்மா சொல்லிட்டாக."

மெலிந்திருந்தான். தாடியில் நரை ஏறியிருந்தது. அப்ரீன் போய்க் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றான். ஷிரின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மேல்கட்டிலுக்குப் போனது, திரைக்கு வந்தது, மறுபடி மேலே போனது.

"மேல எனக்கு, கீழ ஒங்களுக்கு அத்தா" என்றாள் அப்ரீன்.

"நல்லாருக்கு" என்றான் அவன்.

"கலரு?"

"கலரும் நல்லாருக்கு. எல்லாம் நல்லாருக்கு ஷிரின்."

அன்றிலிருந்து அவன் அந்த ரூமுக்குள் உட்காரவில்லை. சாப்பிட உட்காருவான், கை கழுவப் போகிறவன் அப்படியே வராந்தாவில் நடப்பான். மொட்டை மாடிக்குப் போவான், இறங்கி வருவான், பஸ் ஸ்டாண்டுக்கு டீ குடிக்கப் போவான். தபசுக் கடைகள் போட ஆரம்பித்திருந்தார்கள். வளையல் கடை, ராட்டினம், மைக்செட். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வேலையும் இல்லாமல் சுற்றிவிட்டு வருவான். ஹெலன் வீட்டு ஃபேனைக் கழற்றி மாட்டிக் கொடுத்தான். அண்ணாச்சியின் ஃபிரிட்ஜைச் சரி பண்ணினான். ஜும்மாத் தொழுகைக்குப் போனால் மற்றவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய பிறகுதான் வந்தான். கண் எப்போதும் சிவந்திருந்தது.

மேற்கே மலையில் சாரல் கட்டிவிட்டது. சாரல் தென்காசியோடு நின்றுவிடும். சங்கரன்கோவிலுக்குக் காற்று மட்டும்தான் வரும். நாள் முழுக்கப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னலில் அடித்தது. கதவு ஒரு பக்கம் படார் என்று சாத்தும். அந்தச் சத்தத்துக்கெல்லாம் அவன் திடுக்கிட்டான்.

தினமும் மதியம் ஷிரின் சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கும் நேரத்தில் மீரா பீவி போன் பண்ணினாள். அவன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசினான். ஷிரின் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். "சரிம்மா... ம்... பாப்பம்மா" என்பது மட்டும் கேட்டது. எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது போல இருந்தது.

ஒருநாள் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. எதுக்குச் சுத்திச் சுத்தி வாரிய?"

"என்ன புடிக்கல?"

"இந்த வீடு. ஒங்க அம்மா புறாக்கூடுன்னாக. நீங்க சொல்லாம இருக்கிய. அவ்வளவுதான் வித்தியாசம்."

"நான் அப்படி ஒரு வார்த்த சொன்னனா?"

"சொன்னாத் தேவலையே. நானும் அந்தக்காவும் நெஞ்சுல சுண்ணாம்பு அடைக்க அடைக்கச் சுரண்டுனோம். நீங்க வாசல்ல கழட்டுன செருப்ப மாட்டிக்கிட்டே திரியுதிய. பெட்டியக்கூட இங்கன கொண்டாரல."

அப்சல் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினான். "பெட்டியக் கொண்டாரணும்னா கொண்டாறேன்" என்றான்.

"நான் பெட்டிக்கா கேக்கேன்?"

அவன் எழுந்து கையைக் கழுவினான். சோறு பாதி அப்படியே கிடந்தது. அன்று ஆஸ்பத்திரியில் ஷிரின் ஒரு கிழவிக்கு ரத்தம் எடுக்கும்போது நரம்பைத் தவறவிட்டாள். அவளுக்கு அப்படி நடந்ததே இல்லை.

மறுநாள் காலையில் அப்ரீனுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளை தூக்கச் சடவில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"நேரா உக்காருளா. ராத்திரி தூங்கலயா?"

"அத்தா தூங்க விட மாட்டுக்காங்க."

"என்ன செஞ்சாக?"

"என் மூக்குக்கிட்ட வெரல வச்சு வச்சுப் பாக்காங்க. கூசுது. முழிச்சுப் பாத்தா, 'ஒண்ணுமில்ல, படு'ங்காங்க. கொஞ்ச நேரங்கழிச்சுத் திரும்பவும் வந்து என் காலத் தொட்டுப் பாக்காங்க. தெனமும்தான்."

ஷிரினின் கை நின்றது. பின்னலை அப்படியே விட்டுவிட்டாள். திரைக்குள் படுத்தால் களைப்பில் அவளுக்கு அடித்துப் போட்டதுபோல் தூக்கம். அவன் எழுந்து நிற்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு நேராக மொட்டை மாடிக்கு ஏறினாள். அப்சல் தண்ணீர்த் தொட்டி மறைவில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிள்ள சொல்லிச்சு" என்றாள்.

எதைச் சொன்னாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கீழே தறி ஓட ஆரம்பித்தது.

"மருதப்பன்னு சொல்லுவேம்லா" என்றான். "குருவிகுளத்துப் பக்கம். எங்கூட கேம்ப்ல, ஒரே ரூம்."

"ஆமா. வீடியோவுல பேசிருக்காகளே. சிரிச்சுக்கிட்டே இருப்பாக."

"அவன்தான் எனக்கு மேல்கட்டில். வந்த நாள்லருந்து. நெட்டையன். கட்டிலுக்கு வெளிய கால நீட்டித்தான் படுப்பான். நான் எந்திரிச்சா என் தலையில இடிக்கும். 'ஏலே, கால மடக்குலே'ன்னு ஏசுவேன். அவன் தூக்கத்துலேயே 'மன்னிச்சுக்கோ மாப்ள'ம்பான். தெனமும் இதே கததான்."

தரைப் புழுதியைக் கையால் ஒதுக்கிக்கொண்டே மேலே சொன்னான்.

"அன்னைக்கும் இடிச்சுது. ஏசுனேன். சத்தமே இல்ல. கால்ல கைய வச்சேன், சில்லுன்னு இருந்துச்சு. ஏசிக்காத்து நேரா அடிக்கி, அதான்னு நெனச்சுக்கிட்டுப் போர்வைய இழுத்து மூடிவிட்டேன் ஷிரின். பல்லு வெளக்கிட்டு வந்து டீய வச்சுக்கிட்டு எழுப்புதேன்."

ஷிரின் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கத்துலயே போயிட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. விடியதுக்கு ரொம்ப முன்னாலயே. நான் அவனுக்குக் கீழ, ஒரு பலகைக்குக் கீழ, நல்லாத் தூங்கிக்கிட்டுக் கெடந்திருக்கேன். பெட்டில வச்சு ஊருக்கு அனுப்புனோம். மறுநாளே அந்தக் கட்டில்ல ஒரு நேபாளிப் பையன் வந்துட்டான். அவன் மூச்சு விடுதானான்னு நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கேன். அவன் பயந்துபோய் வேற ரூம் கேட்டுட்டுப் போய்ட்டான். சூப்பர்வைசர் கூப்பிட்டு, ஒனக்கு என்ன கிறுக்கான்னு கேட்டான். அப்பத்தான் கேன்சல் போட்டேன். ஊருக்கு வந்தா செரியாயிரும்னு நெனச்சேன்."

"வந்தா இங்கன நான் அதே கட்டிலப் போட்டு வச்சிருக்கேன்."

"திரையுங்கூட அதே மாதிரிதான். அங்கன நாங்களும் போர்வையத் தொங்கவிட்டுத்தான் படுப்போம்." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நீ ஆசையாச் செஞ்சிருக்க. பிள்ள மேல ஏறிக் கூத்தாடுது. நான் எப்பிடிச் சொல்ல? அது கால வெளிய நீட்டிட்டுத் தூங்குது ஷிரின். அந்தக் கால் என் கண்ணுக்கு நேரா வருது."

ஷிரினுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பரபரப்பு வந்தது. எழுந்தாள்.

"அத எடுத்துருவோம்."

"வேண்டாம். பழகிரும்."

"எது பழகணும்? ராத்திரிபூரா நிக்கதா?"

"எங்க போட்டுப் படுப்ப? எடம்?"

"தரையில்லையா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேக் ஃபரீத் கட்டர் மெஷினோடு வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"வெல்டிங் காஞ்ச சூடுகூட ஆறலியேக்கா. மேல மட்டும் எடுத்தாப் போதாதா? கீழ்க்கட்டிலு கெடக்கட்டும்."

"வேண்டாம் தம்பி. அது கெடந்தா மேல ஒண்ணு இருந்த ஞாபகம் கெடக்கும். முழுசா எடுத்துருங்க."

அப்ரீன் மேல்கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். ஷிரின் மிரட்டிப் பார்த்தாள், மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது.

"என் கட்டில். ஏன் அறுக்கணும்?"

ஷிரின் வாயைத் திறப்பதற்குள் அப்சல் முன்னால் வந்தான். "அத்தாவுக்கு அதப் பாத்தா பயமாருக்குளா" என்றான்.

பிள்ளை அவனை உற்றுப் பார்த்தது. பெரிய ஆட்களுக்குப் பயம் வரும் என்பது அதற்குப் புதிய செய்தி. "என்ன பயம்?" என்றது.

"நீ விழுந்துருவியோன்னு."

"நான் விழ மாட்டேன்."

"தெரியும். ஆனாலும் பயமாருக்கு."

அப்ரீன் கம்பியை விட்டாள். பிறகு தலையணையை முதலில் கீழே போட்டுவிட்டு, அவன் தோளில் கால் வைத்து இறங்கினாள்.

கட்டில் உள்ளே வைத்துச் செய்தது. உள்ளே வைத்துத்தான் அறுக்க வேண்டும். ஷிரின் இரண்டு சாக்கைத் தண்ணீரில் நனைத்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மெஷின் அலறியது. தீப்பொறி சாக்கைத் தாண்டித் தெறித்தது. எலுமிச்சை நிறச் சுவரில் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் விழுந்தன. ஒவ்வொரு புள்ளியும் விழும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், கையை எடுக்கவில்லை. கடைசிக் கால் அறுபடும்போது மேல்தட்டு சாயாமலிருக்க அப்சல் அடியில் போய் நின்று தோள் கொடுத்தான். அதன் கனம் முழுக்க அவன்மேல் இறங்கியது. "விட்டுராதிய அண்ணே" என்றான் ஃபரீத். "விடல" என்றான் அப்சல். வேர்வை மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

புகை நாற்றத்தில் வெள்ளத்துரை அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆணிதான வேண்டாம்னேன். அதுக்காவத் தீ வைக்கியளா?"

"தீ இல்ல அண்ணாச்சி. கட்டில எடுக்கோம்."

"போட்டதே நேத்துத்தான? எதுக்கு எடுக்கிய?"

"எடம் பத்தல அண்ணாச்சி" என்றாள் ஷிரின். அவர் அந்த ரூமை ஒரு தடவை பார்த்தார். ஃபரீத்தோடு சேர்ந்து பைப்பைக் கீழே இறக்க ஒரு கை பிடித்தார்.

சாக்கை எடுத்துவிட்டு ஷிரின் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. மீரா பீவி. கையில் தூக்குச் சட்டி. மகனுக்குப் பிடித்த தக்கடி. விடியலிலேயே கறியை வேகவைத்து, மாவு பிடித்துப் போட்டுக் கிளறி, சூடு குறையாமல் துண்டைச் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். வாசலில் நின்று பார்த்தாள். தரையெல்லாம் இரும்புத் தூள். சுவரெல்லாம் கரும்புள்ளி. கட்டில் இல்லை. மெத்தை சுருட்டி மூலையில் கிடந்தது.

"என்னத்தா இது, கடைசியில ஒரு கட்டில்கூட நிக்கலியா இந்தக் கூட்டுல?" என்றாள். குரலில் வருத்தமும் இருந்தது; நான் சொன்னேனே என்பதும் இருந்தது.

ஷிரின் தகரப் பெட்டிமேல் துணியைத் தட்டிப் போட்டு, "உக்காருங்க மாமி" என்றாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

தக்கடியை நாலு தட்டில் வைத்து உட்கார்ந்தார்கள். முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொண்டன. அப்சல் ஒரு சட்டியைக் காலி செய்கிறவன் மாதிரி சாப்பிட்டான். வந்ததிலிருந்து அவன் அப்படிச் சாப்பிட்டு ஷிரின் பார்க்கவில்லை. மீரா பீவி மகனின் தட்டில் இன்னும் இரண்டு உருண்டை போட்டாள். போட்டுவிட்டுப் பேச்சை எடுத்தாள்.

"மேல் ரூம்ப ஒங்க அக்காகிட்டச் சொல்லி ஒழிச்சுட்டேன். தேக்குக் கட்டில், ஒங்க அத்தா வாங்குனது, அப்பிடியே கெடக்கு. ஏசியும் இருக்கு. பிள்ள எங்கூடப் படுத்துக்கிடும். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கலாம். ஒங்கண்ணப் பாரு, கோவப்பழமாட்டம் இருக்கு. இன்னைக்கே கெளம்புங்க."

இவ்வளவு நாள் ஷிரின் கேட்டுக் கிடைக்காத ரூம் அது. இப்போது தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. அவன் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசுவதில்லை என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்துகொண்டாள். மனுஷன் தூங்கினால் போதும்.

அப்சல் தட்டை வழித்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"இல்லம்மா."

"என்ன இல்ல?"

"அங்க பிள்ள கீழ படுக்கும், நான் மேல படுப்பேன். நான் எந்திரிச்சுப் படி எறங்கி வந்துதான் பாக்கணும்."

"எதுக்குப் பாக்கணும்? நான்தான் கூட இருப்பேன்ல?"

"நீங்க இருப்பிய. ஆனா நான் பாக்கணும்." அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினான். அப்ரீனின் தலை தட்டுப்பட்டது. மறுகையை நீட்டினான், ஷிரினின் முட்டி. "இங்கன எங்க படுத்தாலும் கைக்கு எட்டும்மா. எனக்கு இப்ப அதுதான் வேணும். பெரிய வீடு இப்ப எனக்கு ஆவாது."

மீரா பீவிக்கு அது பாதிதான் புரிந்தது. மகனுடைய முகத்தைப் பார்த்தாள், ஷிரினைப் பார்த்தாள். ஷிரின் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஏதோ நடந்திருக்கிறது, அதை இப்போது கேட்கக் கூடாது என்ற அளவுக்கு அந்தத் தாய்க்கும் விளங்கியது.

"தொழிலு?" என்றாள், வேறு பக்கமாக.

"ஏசி வேலதான். இங்கனயே ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடையெல்லாம் இருக்கு. அடுத்த வாரம் வரச் சொல்லிருக்காங்க. நாளைக்குக் குருவிகுளம் வரைக்கும் போயிட்டு வரணும். அங்கன ஒரு வீட்டுல பாக்க வேண்டியவங்க இருக்காங்க. ஷிரினும் வருவா."

"ம்" என்றாள் மீரா பீவி. கை கழுவி வந்து, சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "கலரு என்னமோ நல்லாத்தான் எடுத்திருக்க. பொட்டு பொட்டாக் கருக்கிட்டியளே" என்றாள் மருமகளிடம். அதற்குமேல் இறங்கி வரவில்லை. தக்கடிச் சட்டியை அங்கேயே விட்டுவிட்டு, "சட்டிய எடுத்துட்டு ஒரு நாள் வாங்க. சட்டி எனக்கு வேணும்" என்று சொல்லிப் புர்காவைச் சரிசெய்தாள்.

ஷிரின்தான் பஸ் ஏற்றிவிடப் போனாள். தபசுக் கூட்டம் ரத வீதியை அடைத்துக்கொண்டிருந்தது. மாமியாரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடையநல்லூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தாள். பஸ் நகரும்போது மீரா பீவி ஜன்னல் வழியாக, "பிள்ளைக்குத் தரையில சாரக்காத்து அடிக்கும். கம்பளிய அடியில போடு" என்றாள்.

திரும்பிப் படியேறி வரும்போது ரூமில் சத்தமே இல்லை. கதவு திறந்து கிடந்தது. சுருட்டிக் கிடந்த மெத்தையை விரித்து, அப்சல் குறுக்காக மல்லாந்து படுத்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை விட்டான். அப்ரீன் அவன் மார்பில் தலை வைத்து, கால் இரண்டையும் வாசல்வரைக்கும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கிப்போன அவன் கை அவள் கணுக்கால் பக்கம் போகவே இல்லை. தன்பாட்டுக்குத் தரையில் கிடந்தது. ஜன்னல் காற்றில் இரும்புத் தூள் ஓரமாக உருண்டு போனது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. ஷிரின் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

டியூட்டிக்குக் கிளம்பி வெளியே வந்த ஹெலன் நின்றாள். "என்னளா, வீட்டுக்காரி வெளிய உக்காந்திருக்க?"

"உள்ள எடமில்லக்கா" என்றாள் ஷிரின். சொல்லிவிட்டு, சத்தம் வராமலிருக்கத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.